பேராசிரியை பதில்கள்: நடத்துவது ஒருவர், கேள்வி கேட்பது இன்னொருவர்

(இந்த இதழில் உயர்கல்வி பற்றி வந்த கேள்விகள் மட்டும். பதில் சொல்பவர் டெல்டாப் பகுதியில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.)

சுதந்திரத்துக்குப் பிறகு உயர்கல்வியைச் சீர்திருத்த எத்தனையோ கமிஷன்கள் வந்துவிட்டன. அடிப்படையில் எதுவும் மாறிய மாதிரித் தெரியவில்லையே, ஏன் மேடம்?
ஓய்வு பெற்ற தாசில்தார், கும்பகோணம்

கமிஷன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது சார். பெரும்பாலும் நல்ல அறிக்கைகளைத்தான் கொடுத்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் கமிஷன் ராதாகிருஷ்ணனுடையது, 1948-49. வேலூரிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திய மனிதர். பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால் அது தேர்வைச் சீர்திருத்துவதுதான் என்று அந்த அறிக்கை எழுதி வைத்தது. முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

காரணம் இன்னும் பின்னால் இருக்கிறது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை என மூன்று பல்கலைக்கழகங்களை ஆங்கிலேயர் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது, தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். நம்முடையதும் அப்படியே பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர் என்று படித்திருப்பீர்கள். அதில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, பின்னாளில் தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பித்தவர். அவர் படித்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷனரிகளின் செமினரியில். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, தேறினார், பட்டம் கொடுத்தது.

லண்டன் எப்போதோ மாறிவிட்டது. நாம் மட்டும் அதே ஏற்பாட்டைப் பெருக்கிக்கொண்டே போனோம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 45,473 கல்லூரிகள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடத்திட்டம் மேலே இருந்து வரும், கேள்வித்தாளும் மேலே இருந்து வரும். நடுவில் ஆசிரியர் என்று ஒருவர் நிற்பார்.

உங்கள் ‘ஏன்’ என்ற கேள்விக்கு நான் கண்டுகொண்ட பதில் இது: அறிக்கையில் வருடக் கணக்கையும் பெயரையும் மாற்றச் சொல்லும் பகுதிகள் சீக்கிரம் அமலாகிவிடும். பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு போய் பிளஸ் டூ வந்தது அப்படித்தான். பணமும் அதிகாரமும் கைமாறச் சொல்லும் பகுதிகள் அலமாரிக்குப் போய்விடும். கோத்தாரி கமிஷன் 1966-ல் தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைச் சொல்கிறது. இடையில் ஒரு வருடம்கூட நாம் அதைத் தொடவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு யு.ஜி.சி., தொழில்நுட்பக் கல்விக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்று தனித்தனியாக இல்லாமல் ஒரே அமைப்பு போதும் என்றது யஷ்பால் குழு, 2009-ல். மசோதாவும் வந்தது. பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எங்கள் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. எங்கள் மேடம் முக்கியம் என்று சொன்னது ஒன்று, கேள்வித்தாளில் வந்தது வேறு. தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கும் என் தோழிக்கு இந்தத் தொல்லையே இல்லை. எது நல்ல முறை?
பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி, மன்னார்குடி

உன் மேடத்தைக் கோபித்துக்கொள்ளாதே அம்மா. அந்தக் கேள்வித்தாளை எடுத்தவர் யார் என்று அவருக்கே தெரியாது.

விடைத்தாள் திருத்தும் முகாமை நீ பார்த்திருக்க மாட்டாய், சொல்கிறேன். ஏதோ ஒரு கல்லூரியின் பெரிய ஹால். நீள மேசைகள். முன்பக்கம் கிழிக்கப்பட்டு, பதிவெண்ணுக்குப் பதில் டம்மி நம்பர் போட்ட விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக வரும். காலையில் ஒரு கட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டு. ஒவ்வொருவர் கையிலும் ‘கீ’, அதாவது விடைக்குறிப்பு, இருக்கும். பத்தரைக்கு டீ வரும். ஒரு தடவை, முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை ஆல்கஹால்களை எப்படி வேறுபடுத்துவாய் என்று ஒரு கேள்வி. கீயில் லூகாஸ் சோதனை மட்டும் இருந்தது. என் கட்டில் ஒரு பிள்ளை விக்டர் மேயர் சோதனையை எழுதியிருந்தது. சிவப்பு, நீலம், நிறமில்லை என்று மூன்றையும் வரிசை பிசகாமல், வினைகளோடு. அருமையான விடை. பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியர் தயங்கினார்: “கீயில் இல்லையே மேடம்.” எழுந்து போய்த் தலைமைத் தேர்வாளரிடம் பேசினேன், முழு மதிப்பெண் போட ஒப்புக்கொண்டார். எனக்கு மட்டும். அடுத்த மேசைகளில் அதே விடைக்கு என்ன விழுந்திருக்கும் என்பது அந்தந்தக் கட்டின் அதிர்ஷ்டம்.

அந்தப் பிள்ளைக்கு யாரோ ஓர் ஆசிரியர் பாடத்திட்டத்துக்கு அப்பாலும் போய் நடத்தியிருக்கிறார். நம் ஏற்பாட்டில் அவருக்குக் கிடைக்கும் பரிசு, தன் மாணவிக்கு மதிப்பெண் குறையும் அபாயம்தான். அடுத்த வருடம் அவரும் கீயில் வரக்கூடியதை மட்டும் நடத்துவார்.

அதனால் தன்னாட்சி நல்லதுதான். கோத்தாரி கமிஷன் சொல்லி, 1978-லேயே தமிழ்நாட்டில் தொடங்கியது. லயோலா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அந்த முதல் வரிசை. பாடத்திட்டம், கேள்வித்தாள், தேர்வு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும், பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் தரும். இந்தியாவில் இதை முதலில் துணிந்து செய்தவர்கள் நாம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் உன் தோழி சந்தோஷப்படும் காரணம் சரியானதா என்று பார். நடத்தியவரே கேள்வி கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். கேள்வி நன்றாக ஆழமாக வரும், அல்லது முந்தின வாரமே ‘இந்தப் பத்தையும் படிச்சுட்டு வாங்க’ என்று ஆகிவிடும். தேர்ச்சி சதவீதம் குறைந்தால் நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்கும் கல்லூரியில் இரண்டாவதுதான் நடக்கும். உப்புப் பகுப்பாய்வுச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் லேப் உதவியாளரிடம் போய் ‘அண்ணே, என்ன உப்பு?’ என்று கேட்கும் வழக்கம் எல்லாக் கல்லூரிக்கும் பொது. தன்னாட்சி வந்தால் அந்த அண்ணனுக்கு வேலை குறைகிறது என்றால் அது சீர்திருத்தம் இல்லை. வேலையில் நிலைத்த, நிர்வாகத்துக்குப் பயப்படத் தேவையில்லாத ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில்தான் தன்னாட்சி எடுபடும்.

மகளைக் கலைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். ‘நாக்’கில் ஏ பிளஸ் பிளஸ் வாங்கிய கல்லூரி என்று பேனர் வைத்திருக்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா?
ஜவுளிக்கடை ஊழியர், திருவாரூர்

நாக் என்பது 1994-ல் பெங்களூரில் தொடங்கிய தர மதிப்பீட்டு அமைப்பு. யோசனை நல்லது. வெளியாள் வந்து பார்த்தால் வீடு சுத்தமாகும் என்ற அளவில் பலனும் உண்டு.

நாங்கள் அந்தக் குழுவை வரவேற்ற கதையைக் கேளுங்கள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் முன்பே சுண்ணாம்பு, பெயின்ட். வாடகைக்குப் பூந்தொட்டிகள். எங்கள் லேபில் பல வருடமாக வேலை செய்யாத, நச்சுப்புகையை வெளியேற்றும் ஃப்யூம் கப்போர்டுக்கு வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ். மாணவர் குறைதீர்க்கும் குழு என்று ஒன்று இருந்ததே பலருக்கு அப்போதுதான் தெரியும். அதற்கு ஐந்து வருடக் கூட்டக் குறிப்புகள் ஒரே வாரத்தில் எழுதப்பட்டன. ஒரே மையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று வெவ்வேறு பேனா வாங்கி வரச் சொன்ன அறிவாளி எங்கள் துறையில்தான் இருந்தார். குழு வந்தது, பார்த்தது, நாகஸ்வரத்தோடு வழியனுப்பினோம்.

இது பூச்சு வேலை. இதைவிட மோசமானதும் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆய்வுக்குப் போன நாக் குழுவினரையே சி.பி.ஐ. லஞ்ச வழக்கில் கைது செய்தது.

எனவே பேனரை ஒதுக்கிவிட்டு, ஒரு வேலை நாளில் பதினோரு மணி வாக்கில் மகளை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள். நூலகத்தில் மாணவர்கள் இருக்கிறார்களா, புத்தகம் எடுத்துப் போகும் பதிவேட்டில் இந்த மாதத் தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மகள் சேரப் போகும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். கழிவறையை மகள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கட்டணம் வேறு என்னென்ன பெயரில் வரும் என்பதை இரண்டாம் ஆண்டு மாணவியிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்காதீர்கள். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், அதற்கு விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். முனைவர் பட்டம், நெட் தேர்ச்சி எல்லாம் இருக்கிறது. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உயர்கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் யாரும் எங்களைப் பற்றிப் பேசுவதில்லை. நீங்களாவது பேசுவீர்களா?
பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பேசாமல் என்ன தம்பி. என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட உங்கள் கேள்விதான் முதலில் அச்சாக வேண்டும். ஆசிரியர் குழு வரிசையை மாற்றிவிட்டது.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காக: தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய். அதுவும் பதினோரு மாதத்துக்குத்தான், மே மாதம் கிடையாது. மே மாதம் இவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்று யார் முடிவு செய்தார்களோ. யு.ஜி.சி. 2019-ல் வகுத்த கணக்கு, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. பாதிதான் வருகிறது. பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தரப் பேராசிரியரின் சம்பளத்தோடு ஒப்பிடவே வேண்டாம்.

சுயநிதிக் கல்லூரிகளில் நிலைமை வேறு விதமான வேடிக்கை. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டியிருந்ததை 2024-ல் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியே கொண்டுவந்தது. கல்லூரிக்கு அனுமதி கொடுக்க ஆசிரியர் பெயர் வேண்டும், ஆசிரியர் வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதன் விளைவு அது.

நான்கு வருடப் பட்டம், கிரெடிட் வங்கி, பன்முகக் கல்வி என்று எந்தத் திட்டத்தை எடுத்தாலும் கடைசியில் ஒருவர் சாக்பீஸோடு வகுப்புக்குள் நுழைய வேண்டும். அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவர் புதுப் பாடத்திட்டம் எழுதுவாரா? தேர்ச்சி சதவீதத்துக்காகக் கொடுக்கச் சொல்லும் மதிப்பெண்ணை மறுப்பாரா? மேலே அந்த மாணவிக்குச் சொன்ன தன்னாட்சியும் இங்கேதான் வந்து நிற்கிறது.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று. வேலை பார்க்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் முதல்வரிடம் பணிச் சான்று எழுதி வாங்கி, இணை இயக்குநர் அலுவலக மேலொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணிக்கு அறிவிப்பு வரும்போது அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டென்றால் அந்தக் காகிதம்தான் பேசும். முதல்வர் மாறியபின் பழைய வருடத்துக்குச் சான்று வாங்க அலைந்தவர்கள் எத்தனையோ பேர்.

நான்கு வருட டிகிரி, நடுவில் விட்டாலும் சான்றிதழ். நல்ல திட்டம்தானே? தமிழ்நாடு ஏன் எதிர்க்கிறது?
வங்கி ஊழியர், சேலம்

2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்வது இது: ஒரு வருடத்தில் நின்றால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமோ, மூன்றில் பட்டம், நான்கில் ஹானர்ஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-ல் நான்கு வருடத்தைக் கொண்டுவந்து மறு வருடமே கைவிட்டது, 2022-ல் மறுபடி கொண்டுவந்தது. கர்நாடகம் 2021-ல் ஏற்று 2024-ல் மூன்று வருடத்துக்கே திரும்பிவிட்டது. அதே 2024-ல் கேரளம் நான்கு வருடத்தைத் தன் பாணியில் தொடங்கியது. ஆக, இது கட்சிச் சண்டை மட்டும் இல்லை, யாருக்கும் தெளிவு இல்லை.

என் கவலை வேறு. நடுவில் விடும் பிள்ளை யார்? கல்யாணம் நிச்சயமாகும் பெண், அப்பா படுத்துவிட்ட பையன். என் வகுப்பில் அப்படி நிற்கப் போன பெண்களின் வீட்டுக்கே போய், “இன்னும் ஒரு வருஷம்தானே, முடிக்கட்டும்” என்று பெற்றோரிடம் கெஞ்சியிருக்கிறேன். ‘அதான் ஒரு சர்டிபிகேட் வந்துருச்சே’ என்று அவர்கள் சொல்ல வழி இருந்திருந்தால் என் கெஞ்சல் எடுபட்டிருக்காது. ஒரு வருட பி.எஸ்சி. சான்றிதழை மதித்து வேலை கொடுக்கும் முதலாளியையும் நான் பார்த்ததில்லை. விட்ட இடத்திலிருந்து திரும்ப வந்து சேரலாம் என்ற பகுதி மட்டும் பிடித்திருக்கிறது. அதை மூன்று வருடப் படிப்புக்கே கொடுக்கலாமே.

தரமில்லாத கல்லூரிகளை எல்லாம் இழுத்து மூடினால் என்ன?
தொழிலதிபர், கோவை

பொறியியலில் அது தானாகவே நடக்கிறது. ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டிய கல்லூரிகள், பிள்ளைகள் சேராததால் குறைந்துகொண்டே வருகின்றன. கலைக் கல்லூரியில் அவசரப்படாதீர்கள். 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பஸ் போகும் தூரத்தில் கல்லூரி இருந்ததுதான் அதற்குப் பெரிய காரணம். நீங்கள் தரமில்லை என்று மூடச் சொல்லும் அந்தக் கல்லூரி இல்லாவிட்டால் பக்கத்துக் கிராமத்துப் பெண் கோவைக்கு வந்து படிக்க மாட்டாள், வீட்டில் இருப்பாள். மூடாமல் ஆள் போடுங்கள்.

தமிழ்வழியில் பட்டப்படிப்பு படிப்பது வீண் என்கிறார்கள். உண்மையா அம்மா?
பிளஸ் டூ மாணவன், பரமக்குடி

வேலைக்கு என்று கேட்டால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்றால் பலன் கிடைக்கும்.

படிப்புக்கு என்று கேட்டால் பதில் கொஞ்சம் வருத்தமானது. 1960-ல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதற்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் நூற்றுக்கணக்கான கல்லூரிப் பாடநூல்களை வெளியிட்டது. இயற்பியல், வேதியியல், பொருளியல் என்று எங்கள் கல்லூரி நூலகத்தில் கனத்த அட்டையோடு வரிசையாக நின்றன. நல்ல ஆசிரியர்கள் எழுதியவை. ஆனால் அறிவியல் மாறமாற அவற்றைப் புதுப்பிக்கவில்லை. இன்று தமிழ்வழி வகுப்புக்குப் போகும் பையன் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடை நோட்ஸைத்தான் படிக்கிறான். நீ தமிழ்வழியில் சேர், கூடவே ஓர் ஆங்கிலப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படி. முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ஜெர்மனியில் கல்லூரிப் படிப்பு இலவசமாமே, நம் நாட்டில் முடியாதா?
வாசகர், ஓசூர்

அங்கேயும் சில மாநிலங்கள் 2000-களில் கட்டணம் வைத்துப் பார்த்தன. எதிர்ப்பு வந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள், 2014-க்குள் முடிந்தது. அங்கே பெரும்பாலோர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், நிறையப் பேர் பல்கலைக்கழகமே போகாமல் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள், வரியும் அதிகம். நம்மூர் அரசுக் கல்லூரியில் கட்டணம் ஏற்கெனவே மிகக் குறைவு. இடம்தான் போதவில்லை.

துணைவேந்தர் நியமனச் சண்டை எப்போது தீரும்?
வழக்கறிஞர், மதுரை

அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் சார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை துணைவேந்தர். 2023 ஆகஸ்டில் காலியான அதே நாற்காலியில் உட்கார ஆளைத் தேர்ந்தெடுப்பது ஆளுநரா, மாநில அரசா என்று கோர்ட்டுக் கோர்ட்டாக அலைந்தார்கள்.

கரிம வேதியியலில் மூன்று தடவை அரியர். இந்த முறை நன்றாக எழுதியும் இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா?
மாணவன், அறந்தாங்கி

நேராக மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதே. முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பி. முடிவு வந்த சில நாட்களுக்குள்தான் கெடு இருக்கும், இன்றே தேதியைப் பார். நகல் வந்ததும் மூன்று விஷயம் பார்: எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டிருக்கிறதா, கூட்டல் சரியா, கூடுதல் தாள் கட்டோடு வந்திருக்கிறதா. கூட்டல் பிழை நீ நினைப்பதைவிட அதிகம். பிறகு அதை உன் ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல். அவர் ஐந்து மதிப்பெண்ணாவது கூடும் என்றால் போடு. வினைவழிமுறைகளில் அம்புக்குறி போடாமல் எழுதியிருந்தால் போடாதே, அந்தப் பணத்தில் அடுத்த தேர்வுக்குக் கட்டு.